உடும்பின் வாழிடமும் முட்டைக்குழியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்குள் பாம்போ உடும்போ வந்துவிட்டால் எங்கள் பக்கத்துக் கண்மாய் ஊர்களில் அழைக்கப்படும் ஆட்களில் நானும் ஒருவன். போகிற இடமெல்லாம் ஏறக்குறைய ஒரே ஐயங்களே எழுவதால், கேட்டவர்களின் சொற்களை அதிகம் மாற்றாமல் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இலங்கையில் இருக்கும் உறவினர்கள் கேட்டவையும் இவற்றில் உள்ளன. அதனால் அங்குள்ள நீர் உடும்பான கபரகொய்யாவும் இடம்பெறுகிறது.

உடும்பும் கபரகொய்யாவும் ஒன்றுதானே? தமிழ்நாட்டில் கபரகொய்யா உண்டா?

ஒன்றல்ல. இரண்டும் வாரனஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த இரு வேறு இனங்கள். நாம் உடும்பு என்று அழைப்பது வாரனஸ் பெங்காலென்சிஸ். தென்கிழக்கு ஈரானிலிருந்து மியன்மார் வரை பரவியிருக்கும் இது தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வாழ்கிறது. சிங்களத்தில் இதைத் தலகொயா என்பார்கள். கபரகொய்யா என்பது நீர் உடும்பு, அதாவது வாரனஸ் சால்வேட்டர். இலங்கையில் தொடங்கித் தென்கிழக்கு ஆசியத் தீவுகள் வரை இது காணப்படுகிறது.

இந்தியாவில் நீர் உடும்பு சுந்தரவனத்திலும், ஒடிசாவின் பிதர்கனிகா சதுப்புக் காடுகளிலும், வடகிழக்கிலும், அந்தமான் நிக்கோபார் தீவுகளிலும் உண்டு. தமிழ்நாட்டில் இயற்கையாக இல்லை. இங்கே ஏரிக்கரையில் யாராவது "கபரகொய்யாவைப் பார்த்தேன்" என்றால், அவர் பார்த்தது நன்கு வளர்ந்த சாதாரண உடும்பாகத்தான் இருக்கும். இந்தியாவின் மற்ற இரண்டு இனங்களான பாலை உடும்பும் மஞ்சள் உடும்பும் வடபகுதிகளுக்கு உரியவை.

தூரத்திலிருந்து பார்த்தே இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியுமா?

நிறத்தை நம்பாமல் மூக்கைப் பாருங்கள். உடும்பின் நாசித்துளை சாய்ந்த கீற்றைப் போல, கண்ணுக்கும் முகவாய் நுனிக்கும் ஏறத்தாழ நடுவில் இருக்கும். கபரகொய்யாவின் நாசித்துளை நுனியை ஒட்டி அமைந்திருப்பதால், உடல் முழுவதையும் நீருக்குள் வைத்துக்கொண்டு மூக்கை மட்டும் வெளியே நீட்டி அதனால் மூச்சுவிட முடிகிறது. தொலைநோக்கி கையில் இருந்தால் இந்த ஓர் அடையாளமே போதும்.

அளவிலும் வேறுபாடு உண்டு. உடும்பு வாலோடு சேர்த்து அதிகபட்சம் 175 செ.மீ. வரை வளரும். கபரகொய்யா சாதாரணமாகவே ஐந்து, ஆறு அடி இருக்கும். கண்டியில் அளக்கப்பட்ட ஒன்று 3.21 மீட்டர் நீளம் இருந்ததாகப் பதிவாகியுள்ளது.

பொன்னுடும்பு என்று மஞ்சளாக ஒன்று உண்டே, அது தனி இனமா?

இல்லை, அது உடும்பின் குட்டி. முட்டையிலிருந்து வெளிவரும் குட்டிகளின் கழுத்திலும் முதுகிலும் கருமையான குறுக்குப் பட்டைகளும் வெளிர்ப் புள்ளிகளும் எடுப்பாகத் தெரியும். வளர வளர அவை மங்கி மண்ணிறத்திலும் சாம்பலிலும் கரைந்துவிடும். குட்டிகள் தரையில் அதிகம் நடமாடாமல் மரத்திலும் புதரிலும் ஏறி வாழ்வதால், மரத்தில் இருக்கும் பொன்னுடும்பு வேறு, தரையில் இருக்கும் மண்ணுடும்பு வேறு என்ற எண்ணம் பிறந்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

உடும்பு காட்டு விலங்குதானே, ஊருக்குள் ஏன் வருகிறது?

ஊருக்குள் அது வருவதில்லை, பெரும்பாலும் முன்பே அங்கு இருக்கிறது. அடர்ந்த காட்டைவிட, வயலும் புதரும் பாறையும் நீர்நிலையும் கலந்து கிடக்கும் நிலமே உடும்புக்குப் பிடித்தமானது. அதற்கு வேண்டியவை மூன்று: காலையில் வெயில் காய ஒரு திறந்த இடம், நாள் முழுவதும் மோப்பம் பிடித்துக்கொண்டே கிளறித் தேட வண்டும் புழுவும் நத்தையும் தேளும் நிறைந்த தரை, இரவில் அடங்க ஒரு பொந்து. ஓர் ஏரிக்கரையிலோ பனங்காட்டிலோ கைவிடப்பட்ட செங்கல் சூளையிலோ இம்மூன்றும் ஐம்பது அடிக்குள் கிடைத்துவிடுகின்றன.

பொந்து என்றால் அது தானே தோண்டியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. எலி வளையை அகலப்படுத்திக்கொள்ளும். கரையான் புற்றின் பக்கவாட்டுத் திறப்பில் நுழையும். பட்டுப்போன பனையின் உட்குழிவிலும், பழைய கிணற்றுச் சுவரின் கல்லிடுக்கிலும், வரப்போரம் குவித்த கற்களின் அடியிலும் தங்கும். ஓர் உடும்புக்கு இப்படிப் பல தங்குமிடங்கள் இருக்கும். பருவத்துக்கும் வெயிலுக்கும் ஏற்ப மாறி மாறிப் பயன்படுத்தும். இன்று பார்த்த பொந்தில் நாளை அது இல்லையென்றால் ஊரைவிட்டே போய்விட்டது என்று பொருளல்ல.

ஒரு பொந்து உடும்புடையதுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வாயின் வடிவம் முதல் குறிப்பு. அடி தட்டையாகவும் மேல் வளைவாகவும், படுத்துக்கிடக்கும் பாதி நிலவைப் போல இருந்தால் உள்ளே போய்வருவது அகன்ற உடலும் பக்கவாட்டில் விரிந்த கால்களும் கொண்ட விலங்கு. எலி வளை வட்டமாக இருக்கும். அடுத்தது வாசலில் உள்ள புழுதி: நடுவே வால் இழுத்த ஒற்றைக் கோடும், அதன் இருபுறமும் மாறி மாறி விழுந்த நகக் கீறல்களும் தெரியும். கோடு கூர்மையாக, ஓரம் சரியாமல் இருந்தால் தடம் புதியது. வாசலில் சிலந்தி வலை கட்டியிருந்தால் அன்றைக்கு யாரும் போய்வரவில்லை.

கையை விட்டுப் பார்க்காதீர்கள். உடும்பு விட்டுச்சென்ற பொந்தில் நல்ல பாம்பு இருப்பது அரிதல்ல.

உடும்புப் பிடி என்கிறார்களே, அது உண்மையா?

உண்மை, ஆனால் அதன் பயன் கதைகளில் வருவதுபோல் கயிறு கட்டிக் கோட்டைச் சுவரில் ஆளை ஏற்றுவதல்ல. பொந்துக்குள் துரத்தப்பட்ட உடும்பு நகங்களைச் சுவரில் ஊன்றி, நுரையீரலில் காற்றை நிரப்பி உடலை உப்பவைத்து, அந்த இடுக்கிலேயே தன்னை ஆப்புப் போல இறுக்கிக்கொள்ளும். வாலைப் பிடித்து இழுப்பவர் எவ்வளவு இழுத்தாலும் வராது. பல்லியைப் போல வாலைக் கழற்றிவிட்டுத் தப்பும் வழி உடும்புக்கு இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இறுகப் பிடித்துக்கொள்வது அதற்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பது விளங்கும். "உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்" என்ற பழமொழியைச் சொன்னவர் அதன் வாயிலோ நகத்திலோ அகப்பட்டு நன்றாக அனுபவித்தவராகத்தான் இருக்க வேண்டும்.

கபரகொய்யா கொழும்பில் வாய்க்கால்தோறும் கிடக்கிறதே, அது தண்ணீரிலேயே வாழும் பிராணியா?

நீரைச் சார்ந்து வாழ்கிறது, நீருக்குள்ளேயே வாழ்வதில்லை. பேரை வாவி, கண்டி வாவி, தியவன்னா ஓயா, முத்துராஜவெல சதுப்பு நிலம் போன்ற இடங்களில் அது நண்டு, மீன், தவளை, செத்த விலங்கு, மனிதர் எறியும் இறைச்சிக் கழிவு என எதையும் விடாமல் தின்னும். நகரத்தில் அது பெருகுவதற்கு இந்தக் கழிவே முக்கியக் காரணம். நீந்தும்போது கால்களை உடலோடு ஒட்டிவைத்துக்கொண்டு, பக்கவாட்டில் தட்டையான வாலை மட்டுமே துடுப்பாக அசைக்கும். ஆனால் வெயில் காய்வதும் இரவில் அடங்குவதும் முட்டையிடுவதும் கரையில்தான். கரை முழுவதையும் சிமெண்ட் பூசி அடைத்துவிட்ட வாய்க்காலில் அதற்கு உணவு கிடைக்கும், முட்டைக்கு மண் கிடைக்காது.

சாதாரண உடும்பும் நன்றாக நீந்தும், ஆபத்து வந்தால் கால்மணி நேரத்துக்கும் மேல் நீருக்குள் மூச்சடக்கிக் கிடக்கும் என்பதால், நீரில் கண்டதையெல்லாம் கபரகொய்யா என்று எண்ணிவிட வேண்டாம்.

இரண்டு உடும்புகள் கட்டிப்பிடித்தபடி எழுந்து நின்றதை வீடியோ எடுத்தேன். இணை சேர்கின்றனவா?

அது மல்யுத்தம், பெரும்பாலும் இரண்டுமே ஆண்கள். பின்னங்கால்களிலும் வாலிலும் ஊன்றி எழுந்து, முன்னங்கால்களால் ஒன்றையொன்று தழுவி, எதிரியைச் சாய்த்துக் கீழே தள்ளப் பார்க்கும். தோற்றது ஓடிவிடும், வென்றது அருகிலிருக்கும் பெண்ணைத் தொடரும். இணைசேர்தல் தரையோடு தரையாக, பார்ப்பவருக்குச் சுவையற்ற விதத்தில் நடக்கும். வட இந்தியாவில் இந்த மல்யுத்தங்கள் ஏப்ரல் வாக்கில் தொடங்குகின்றன.

முட்டை எப்போது இடும், எத்தனை இடும்?

வட இந்தியப் பதிவுகளின்படி உடும்பின் இனப்பெருக்கக் காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை, அதாவது தென்மேற்குப் பருவமழையை ஒட்டி. மழை வரும் மாதங்களே வேறான இடங்களில் இந்த நாள்காட்டியை அப்படியே பொருத்தக் கூடாது. மண் ஈரமாகி இளகும் காலம் என்பதே சரியான அளவுகோல். ஒரு தடவைக்குச் சுமார் இருபது முட்டைகள், சில வேளை முப்பது வரை. கோழி முட்டையைப் போல உடையும் ஓடு இருக்காது; தோல் போன்ற மெல்லிய ஓடு. மண்ணின் ஈரத்தை உறிஞ்சி முட்டை நாளடைவில் பருக்கும்.

குழியை எப்படித் தோண்டுகிறது? நாங்கள் பார்த்தபோது நாலைந்து குழிகள் இருந்தன, ஒன்றிலும் முட்டை இல்லையே?

நீங்கள் பார்த்தவை ஏமாற்றுக் குழிகளாக இருக்கலாம். பெண் உடும்பு சமதரையிலோ செங்குத்தான கரைச் சரிவிலோ புற்றிலோ ஒரு குழியைத் தோண்டி முட்டையிட்டபின், மண்ணைத் தள்ளி நிரப்பி, முகவாயால் குத்திக் குத்திக் கெட்டிப்படுத்தும். அதன்பின் அக்கம்பக்கத்தில் வேறு சில குழிகளைப் பொய்யாகத் தோண்டும். சுற்றிலும் மண்ணை வாரி இறைக்கும். மோப்பம் பிடித்து வரும் கீரியும் காட்டுப்பன்றியும் நாயும், ஏன், இன்னோர் உடும்பும்கூட, எதைத் தோண்டுவது என்று தெரியாமல் திரிய வேண்டும் என்பதே இதன் விளைவு. முதலை முட்டையையும் ஆமை முட்டையையும் மோப்பத்தால் கண்டுபிடித்துத் தின்னும் இனம் அது. தன் முட்டைக்கு எந்தத் திசையிலிருந்து ஆபத்து வரும் என்பது அதன் நடத்தையிலேயே பதிந்திருக்கிறது.

இதை ஒருமுறை முழுதாகப் பார்த்திருக்கிறேன். நல்ல மழை பெய்து இரண்டு நாள் கழிந்திருந்தது. மோட்டார் அறையின் சன்னல் வழியே முப்பது அடி தூரத்தில், கண்மாய்க் கரையின் உட்சரிவில், ஓர் உடும்பு முன்னங்கால்களால் மாறி மாறிப் பறித்த மண்ணைப் பின்னங்கால்களால் தள்ளிக்கொண்டிருந்தது. சிறிது நேரத்தில் வால் மட்டும் வெளியே தெரிந்தது. பிற்பகலில் அது திரும்பி நின்று குழியை மூடியபோது, முகவாயைத் தலைகீழ் உலக்கை போல மண்ணில் இடித்த ஒவ்வோர் இடிக்கும் கழுத்துச் சதை அதிர்ந்தது. நிமிர்ந்தபோது மூக்கிலிருந்து கண் வரை செம்மண் அப்பியிருந்தது. பிறகு நான்கடி தள்ளி ஒன்று, அதற்கு மேலே ஒன்று என்று இரண்டு குழிகளை அரைகுறையாகத் தோண்டிப் பாதி மூடிவிட்டுப் போனது. மறுநாள் போய்ப் பார்த்த எனக்கே, உண்மையான இடம் எது என்று சன்னலுக்கு வந்து நின்று பார்த்த பிறகுதான் உறுதியானது.

கரையான் புற்றில் முட்டையிடுவதன் இரகசியம் என்ன?

புற்று என்பது காற்றும் ஈரமும் ஒழுங்குபடுத்தப்பட்ட கட்டடம். வெளியே இரவும் பகலும் மாறினாலும் உள்ளே சூடு அதிகம் ஏறி இறங்குவதில்லை, ஈரப்பதமும் குறைவதில்லை. முட்டை நீண்ட நாள் கெடாமல் கிடக்க இதைவிடத் தோதான இடம் அமையாது. இன்னொரு வசதி, தாய் உடைத்த துளையைக் கரையான்களே சில நாட்களில் மண்பூசி அடைத்துவிடுகின்றன. முந்தைய பதிலில் சொன்ன இடிக்கும் வேலையில் பாதியைப் புற்றின் சொந்தக்காரர்கள் செய்து முடிக்கிறார்கள்.

ஆப்பிரிக்காவின் நைல் உடும்பும் இதே உத்தியைக் கையாளுகிறது. ஆனால் உலர்ந்து இறுகிய புற்றைக் குட்டி உடைத்து வெளியேறுவது எளிதல்ல. மழை பெய்து புற்று இளகும் பருவம் அதற்கு உதவுகிறது.

முட்டை பொரிக்க எட்டு மாதம் ஆகும் என்கிறார்களே, நம்பலாமா?

நம்பலாம். உடும்பு முட்டை பொரிக்க 168 முதல் 254 நாட்கள் வரை ஆகிறது. ஐந்தரை மாதத்திலிருந்து எட்டரை மாதம். கபரகொய்யாவின் முட்டையும் இப்படித்தான் மாதக்கணக்கில் மண்ணில் கிடக்கும். இந்த இடைவெளி மண்ணின் சூட்டைப் பொறுத்தது: குளிர்ந்த மண்ணில் கரு மெதுவாக வளரும். மழைக்காலத்தில் இட்ட முட்டைகள் குளிர்காலத்தைத் தாண்டி, சிற்றுயிர்கள் மீண்டும் பெருகும் காலத்தை ஒட்டிப் பொரிப்பதால், குட்டிக்கு முதல் நாளிலிருந்தே இரை கிடைக்கிறது. எல்லா முட்டைகளும் பொரிப்பதில்லை; 40 முதல் 80 விழுக்காடு வரை பொரிக்கலாம்.

அவ்வளவு நாளும் தாய் காவல் காக்குமா?

உடும்பு அடைகாப்பதுமில்லை, பொரித்த குட்டிக்கு இரை ஊட்டுவதுமில்லை. அது தன் அக்கறை முழுவதையும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் மூடுவதிலும் மறைப்பதிலுமே செலவிட்டுவிடுகிறது. இந்தோனேசியாவின் கொமோடோ உடும்பு இதற்கு ஓரளவு விலக்கு. மெகாபோட் என்னும் தரைக்கோழிகள் மண்ணும் சருகும் குவித்துக் கட்டிய மேடுகளில் அது முட்டையிட்டு, சில காலம் அருகிலேயே தங்கிப் பிற பெண்களை விரட்டும். ஆனால் பொரிக்கும் வரை இருப்பதில்லை. அதுவும் ஏமாற்றுக் குழிகள் தோண்டும் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆஸ்திரேலியாவின் மஞ்சள் புள்ளி உடும்பு வேறொரு வழியைக் கண்டுகொண்டது. திருகாணியைப் போலச் சுழன்று இறங்கும் வளையைத் தோண்டி, அதன் அடியில், சில இடங்களில் மூன்று மீட்டருக்கும் கீழே, முட்டையிடுகிறது. கோடை எவ்வளவு நீண்டாலும் அந்த ஆழத்தில் ஈரம் வற்றாது. நம் ஊர் உடும்பு இந்த அளவுக்குப் போவதில்லை.

முதலைக்குச் சொல்வதுபோல, மண்ணின் சூட்டைப் பொறுத்துத்தான் குட்டி ஆணா பெண்ணா என்பது அமையுமா?

இல்லை. முதலைக்கும் பல ஆமைகளுக்கும் அது பொருந்தும். உடும்புகளில் பாலினத்தை முடிவு செய்வது குரோமோசோம்கள். பறவைகளைப் போலவே இங்கும் ஆண் இசட்-இசட், பெண் இசட்-டபிள்யூ. சூடு பொரிக்கும் நாளை மாற்றும், பாலினத்தை மாற்றாது.

2006இல் லண்டன், செஸ்டர் விலங்கியல் பூங்காக்களில் கொமோடோ பெண்கள் ஆணின்றியே முட்டையிட்டு, அவற்றில் கரு வளர்ந்தது உறுதிசெய்யப்பட்டபோது, இப்படிப் பிறப்பவை ஆண்களாகவே அமைந்ததற்கும் இந்தக் குரோமோசோம் முறையே காரணம்.

ஜேசிபி வைத்துக் கரையைச் சமப்படுத்தும்போது முட்டைகள் வெளிவந்துவிட்டன. கோழிக்கு அடியில் வைத்துப் பொரிக்கவைக்கலாமா?

வேண்டாம். கோழியின் உடல் சூடு 40 டிகிரியை ஒட்டியது. உடும்பு முட்டைக்கு வேண்டியது ஏறத்தாழ 30 டிகிரியும் விடாத ஈரமும். மேலும் கோழி முட்டையைப் புரட்டிக்கொண்டே இருக்கும். ஊர்வனவற்றின் கரு தொடக்க நாட்களிலேயே ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்வதால், முட்டையைத் தலைகீழாகத் திருப்பினால் கரு இறந்துவிடக்கூடும்.

உடனே செய்ய வேண்டியது இயந்திரத்தை நிறுத்துவது. முட்டை இருந்த நிலையிலேயே ஈரமண்ணால் மூடி, நிழல் கொடுத்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள். இடத்தைவிட்டு எடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், மேற்புறத்தில் பென்சிலால் ஒரு குறியிட்டு, அந்தக் குறி எப்போதும் மேலேயே இருக்கும்படி எடுப்பார்கள். உடும்பு 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது; ஊர்வனவற்றின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் சட்டப்படி வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கும். தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. கஞ்சிராவுக்கு வழிவழியாகப் போர்த்திவந்த உடும்புத் தோலுக்குப் பதில் இன்று ஆட்டுத்தோல் போர்த்தப்படுவதற்கும் இதே சட்டம்தான் காரணம்.

கோழி முட்டை திருடும் உடும்பைப் பிடித்துத் தூரத்தில் விட்டுவிட்டால் அதன் முட்டைகள் என்ன ஆகும்?

தாய் காவல் காப்பதில்லை என்று மேலே சொன்னேன். ஆகவே மண்ணுக்குள் இருக்கும் முட்டைகளுக்கு இதனால் கேடில்லை. கேடு தாய்க்குத்தான். பல தங்குமிடங்களை மனத்தில் வைத்துச் சுழன்று வாழும் விலங்கை, ஒரு பொந்தும் தெரியாத இடத்தில் விடுகிறோம். போதாக்குறைக்கு, காலியான உங்கள் பொந்துக்கு வேறோர் உடும்பு வந்துவிடும். கோழிக்கூட்டின் அடியில் ஒரு சாண் ஆழத்துக்குக் கம்பிவலை புதைத்து, மாலையில் கோழி முட்டைகளை எடுத்துவிடுவது செலவு குறைந்த வழி. பிடிப்பதென்றாலும் அதை வனத்துறைதான் செய்ய வேண்டும்.

கண்மாயைத் தூர்வார வேண்டியிருக்கிறது. முட்டை இல்லாத மாதம் என்று ஒன்றைச் சொல்லுங்களேன்?

சொல்ல முடியாது என்பதை ஒரு கணக்குப் போட்டே காட்டலாம். ஜூன் தொடக்கத்தில் இட்ட முட்டை 168 நாளில் பொரித்தால் நவம்பர் நடுவில் குட்டி வெளிவரும். செப்டம்பர் கடைசியில் இட்ட முட்டை 254 நாள் எடுத்தால் மறு ஜூன் வந்துவிடும். அதற்குள் அடுத்த பருவத்து உடும்பு தோண்டத் தொடங்கியிருக்கும். உங்கள் ஊரில் மழை மாதம் வேறு என்றால் கணக்கின் தொடக்கம் நகருமே தவிர, ஆண்டில் வெற்றிடம் விழாது. சித்திரை வைகாசியில் நீர் வற்றிய கண்மாயில்தான் நாம் இயந்திரத்தை இறக்குகிறோம். தாமதமாக இட்ட முட்டைகள் பொரிக்கும் நிலையில் இருப்பதும் அப்போதுதான்.

ஆகவே மாதத்தைவிட இடத்தைப் பார்ப்பது நல்லது. தூர்வார வேண்டியது கண்மாயின் உட்தரை; நீர் தேங்கும் அந்தப் பகுதியில் உடும்பு முட்டையிடாது. முட்டை இருப்பது கரையின் மேற்சரிவிலும் புற்றுகளிலும். கரையைத் தொட்டே ஆக வேண்டுமென்றால் ஒரே ஆண்டில் முழுக்கரையையும் சீவாமல் பாதியை அடுத்த ஆண்டுக்கு விடுங்கள். புற்றுள்ள பகுதியைச் சுண்ணாம்புக் கோடு போட்டு ஓட்டுநருக்குக் காட்டிவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது இரண்டாம் நாள் வரும் மாற்று ஓட்டுநருக்குப் போய்ச் சேருவதில்லை.